காரில் ஆம்ப்ளிபயர் பொருத்தலாம் வாங்க!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் பழகும் வேலைகளில் ஒன்று, பிடித்த பாட்டு பைல்களைச் சேர்த்து வைப்பது. அடுத்த வேலை, அவற்றைப் பென் டிரைவில் காப்பி செய்து காரில் போட்டுக் கேட்பது. அங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. வீட்டில் கணீரென்று கேட்ட தவில், காரில் தகர டப்பாவைத் தட்டியது போல் கேட்கிறது. குறை பைலில் இல்லை. காரின் ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சின்ன ஆம்ப்ளிபயர் சிப், பேட்டரியின் 12 வோல்ட்டை அப்படியே பயன்படுத்துகிறது. அதனால் ஒரு சேனலுக்குச் சுமார் 20 வாட்ஸ்தான் அதனால் தர முடியும்.

தனியாக விற்கும் ஆம்ப்ளிபயருக்குள் ஒரு பவர் சப்ளை இருக்கும். கம்ப்யூட்டர் கேபினட்டில் எஸ்எம்பிஎஸ் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதன் தம்பி என்று வைத்துக் கொள்ளுங்கள். அது 12 வோல்ட்டை உயர்த்தித் தருவதால் பவர் கூடுகிறது. சேனலுக்கு 50 வாட்ஸ் தரும் 4 சேனல் ஆம்ப்ளிபயரை நான் என் காரில் பொருத்தியிருக்கிறேன். அதையே உதாரணமாக வைத்துப் பாடத்தைத் தொடங்கலாம்.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பலாமா?

மலிவான கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பெட்டியில் "1000 வாட்ஸ் பிஎம்பிஓ" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கார் ஆம்ப்ளிபயரிலும் இதே விளையாட்டு உண்டு. "மேக்ஸ்", "பீக்" என்று போட்டிருப்பதைத் தள்ளிவிட்டு "ஆர்எம்எஸ்" அளவை மட்டும் பாருங்கள். அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு வந்த சிஇஏ-2006 என்ற தர அளவீடு, 14.4 வோல்ட்டில், 4 ஓம்ஸ் ஸ்பீக்கரில், 1 சதவீதத்துக்கு மேல் ஒலிச் சிதைவு இல்லாமல் அளந்த பவரைத்தான் குறிப்பிட வேண்டும் என்கிறது. இந்தக் குறிப்பு உள்ள மாடலை வாங்கினால் ஏமாற வேண்டியதில்லை.

எந்த வயர் வாங்குவது?

முதலில் கரண்ட் கணக்கைப் போடுவோம். நான்கு சேனலுக்கும் சேர்த்து 200 வாட்ஸ். ஏபி கிளாஸ் ஆம்ப்ளிபயர், எடுக்கும் பவரில் சுமார் 60 சதவீதத்தைத்தான் ஒலியாகத் தரும். மீதி வெப்பமாகப் போகும். எனவே 200ஐ 0.6ஆல் வகுத்தால் 333 வாட்ஸ். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 13.8 வோல்ட் இருக்கும். 333ஐ 13.8ஆல் வகுத்தால் 24 ஆம்பியர். டி கிளாஸ் ஆம்ப்ளிபயர் என்றால் 80 சதவீதம் என்று வைத்துக் கணக்கிடலாம், கரண்ட் குறையும்.

இந்த 24 ஆம்பியர், பேட்டரியில் இருந்து பின்பக்கம் வரை சுமார் 5 மீட்டர் பயணம் செய்ய வேண்டும். வீட்டு வயரிங்கில் மீந்து போன 1.5 சதுர மிமீ வயரைப் போட்டால் என்ன ஆகும்? 5 மீட்டருக்கு அதன் மின்தடை சுமார் 0.06 ஓம். ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். அத்துடன் சுமார் 35 வாட்ஸ் வெப்பமும் வயரில் உண்டாகும். ஒரு சால்டரிங் அயர்ன் எடுக்கும் பவர் இது! அதே இடத்தில் 8 கேஜ் செம்பு வயர் போட்டால் இழப்பு கால் வோல்ட்தான்.

கடையில் "சிசிஏ" வயர் மலிவாகக் கிடைக்கும். உள்ளே அலுமினியம், மேலே மட்டும் செம்புப் பூச்சு. இதன் மின்தடை செம்பைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள்.

பியூஸ் யாரைக் காப்பாற்றுகிறது?

பலரும் தவறாகப் புரிந்து கொள்ளும் இடம் இது. "ஆம்ப்ளிபயரிலேயே பியூஸ் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்று கேட்பார்கள். ஆம்ப்ளிபயரில் உள்ள பியூஸ் அந்தக் கருவிக்கு மட்டும்தான் காவல். பேட்டரிக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவில் 5 மீட்டர் வயர் காரின் இரும்பு உடம்பை ஒட்டியே போகிறது. எங்காவது உறை உரிந்து இரும்பில் பட்டால், கார் பேட்டரி சில நூறு ஆம்பியர் கரண்ட்டைக் கொட்டிவிடும். வயர் பழுத்து, அதை மூடியிருக்கும் கார்பெட் பற்றிக் கொள்ளும்.

நண்பர் ஒருவரின் காரில் இப்படித்தான் நடந்தது. கடையில் வயரிங் செய்தவர்கள் இன்ஜின் அறைத் தகட்டில் துளை போட்டு, ரப்பர் வளையம் வைக்காமலே வயரை இழுத்துவிட்டார்கள். பேட்டரி பக்கம் பியூஸும் இல்லை. வண்டியின் அதிர்வில் தகட்டின் விளிம்பு உறையை மெல்ல மெல்ல அறுத்துவிட்டது. கருகிய வாடை வந்ததும் அவர் வண்டியை ஓரம் கட்டி, பேட்டரி டெர்மினலைக் கழற்றியதால் கார் பிழைத்தது. காலடிக் கார்பெட் ஒரு முழ நீளத்துக்குக் கருகியிருந்ததை நானே பார்த்தேன். பின் சீட்டில் அவருடைய குழந்தைகள் இருந்தார்கள். சில நூறு ரூபாய் பியூஸ் ஹோல்டர் ஒன்று இருந்திருந்தால் நொடியில் முடிந்து போயிருக்கும் சங்கதி.

எனவே பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் இருந்து 45 செமீ தூரத்துக்குள் பியூஸ் கட்டாயம் வேண்டும். நம் கணக்குக்கு 30 ஆம்பியர் சரி. அடிக்கடி போகிறது என்று அதற்குப் பதில் பெரிய பியூஸ் போடாதீர்கள். ஏன் போகிறது என்று தேடுங்கள்.

வேலையைத் தொடங்குவோம்

1. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். சில ஸ்டீரியோக்கள் பவர் போய் வந்ததும் ரகசிய எண் கேட்கும். அதை முன்பே குறித்து வையுங்கள்.

2. ஆம்ப்ளிபயரை சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ காற்றோட்டம் உள்ள இடத்தில் வையுங்கள். ஸ்குரூ போடும் முன் காரின் அடியில் குனிந்து பாருங்கள். பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாயும் அங்கேதான் இருக்கும்.

3. பவர் வயரை இன்ஜின் அறையில் இருந்து உள்ளே கொண்டு வரும் துளையில் ரப்பர் கிராமெட் அவசியம். மஞ்சள் உறை போட்ட வயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றைத் தொட வேண்டாம். ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிற கேபிள்கள் உயிருக்கே ஆபத்தான வோல்டேஜ் உள்ளவை. அந்த வண்டிகளைச் சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிடுங்கள்.

4. எர்த் வயர் பவர் வயரின் அதே தடிமனில், 45 செமீக்குள் இருக்கட்டும். பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

5. ஸ்டீரியோவின் பின்னால் வரும், வெள்ளைக் கோடு போட்ட நீல வயர்தான் ரிமோட் வயர். ஸ்டீரியோவை ஆன் செய்ததும் ஆம்ப்ளிபயரை எழுப்புவது இதுவே. இதற்குப் பதில் பேட்டரியில் நேராக இணைத்தால் ஆம்ப்ளிபயர் இரவெல்லாம் விழித்திருக்கும், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

6. ஆர்சிஏ கேபிளைப் பவர் வயர் போகாத மறுபக்கம் கொண்டு போங்கள். கம்பெனி ஸ்டீரியோவில் ஆர்சிஏ துளை இல்லையா? ஆம்ப்ளிபயரில் "ஹை லெவல் இன்புட்" இருந்தால் ஸ்பீக்கர் வயரையே அதில் கொடுக்கலாம்.

7. ஸ்பீக்கரில் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் பேஸ் ஒலி காணாமல் போகும். சந்தேகம் என்றால், இணைக்காத ஸ்பீக்கரின் முனைகளில் 1.5 வோல்ட் பென்சில் செல்லை ஒரு நொடி வைத்துப் பாருங்கள். கோன் வெளியே தள்ளினால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பாசிட்டிவ்.

8. எல்லாம் முடிந்து ஒரு முறை சரிபார்த்த பிறகு, நெகட்டிவ் முனையை மாட்டி, கடைசியாகப் பியூஸைப் போடுங்கள்.

கெயின் அமைக்கக் கம்ப்யூட்டர் உதவும்

ஆம்ப்ளிபயரில் "கெயின்" என்று ஒரு திருகி இருக்கும். அது வால்யூம் இல்லை. ஸ்டீரியோ தரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்ளிபயரைப் பொருத்தும் அமைப்பு. அளவுக்கு மேல் திருப்பினால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். இதைக் கிளிப்பிங் என்பார்கள். ஸ்பீக்கர்கள் கருகுவது பெரும்பாலும் இதனால்தான்.

இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி சாப்ட்வேரைத் திறந்து, "ஜெனரேட்" மெனுவில் "டோன்" என்பதைக் கிளிக் செய்யுங்கள். சைன் அலை, 400 ஹெர்ட்ஸ், ஆம்ப்ளிட்யூட் 1, நேரம் 60 நொடி என்று கொடுத்து, வேவ் பைலாக எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் சேமியுங்கள். 400 ஹெர்ட்ஸ் ஏன் என்றால், மலிவான மல்டிமீட்டர்கள் பலவும் அதுவரைதான் ஏசி வோல்டேஜைச் சரியாகக் காட்டும்.

இனி ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, ஒன்றோடொன்று படாமல் வையுங்கள். ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், ஆம்ப்ளிபயரின் பில்டர் எல்லாம் ஆப். கெயின் குறைந்த அளவில் இருக்கட்டும். பைலை ஓடவிட்டு, ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்கு வையுங்கள். ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் முனைகளில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, கெயினை மெல்லத் திருப்புங்கள். எதுவரை? வாட்ஸை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். 50 பெருக்கல் 4, அதாவது 200. அதன் வர்க்கமூலம் 14.1. மீட்டர் 14.1 வோல்ட் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். இதற்கு மேல் கெயினைத் தொட வேண்டாம்.

"ஙொய்" சத்தம் வருகிறதா?

லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டபடி வெளி ஸ்பீக்கரில் பாட்டு கேட்டால் சில சமயம் இரைச்சல் வரும், சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கும். காரிலும் அதே கதைதான். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இரைச்சலின் சுருதி ஏறினால், அது ஆல்டர்னேட்டரின் ஒலி. பத்தில் பல முறை காரணம் எர்த் சரியில்லாததுதான். பில்டர் வாங்கும் முன் எர்த் போல்ட்டைக் கழற்றி, இரும்பைத் தேய்த்து மீண்டும் இறுக்குங்கள்.

இன்னும் ஒன்று. இன்ஜினை நிறுத்திவிட்டு நெடுநேரம் பாட்டு கேட்காதீர்கள். சின்னக் கார்களின் பேட்டரி 35 ஆம்பியர் அவர்தான்.

பொருத்திய முதல் வாரம், அரை மணி நேரம் ஓட்டிய பின் வண்டியை நிறுத்தி, பியூஸ் ஹோல்டரையும் எர்த் போல்ட்டையும் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் இணைப்பு தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றே இறுக்கிவிடுங்கள். சூடு இல்லையா? தவில் கச்சேரியை ஓடவிட்டு நிம்மதியாகப் பயணம் செய்யலாம்.