புலம்பெயரும் ஓவியருக்குச் சில சிக்கனக் குறிப்புகள்

இலங்கையின் கினிகத்தேனையிலிருந்து வெளிநாடு சென்று வேலை தேடும் ஓவியர், நிலையான வருமானம் கிட்டும்வரை கலையைக் கைவிடாதிருக்கப் பின்வருவன துணைபுரியும்.

1. மை: தேநீர் வடித்தபின் எஞ்சும் தேயிலைத்தூளை மீண்டும் வற்றக் காய்ச்சினால் பழுப்புச் சாயம் கிடைக்கும்; துருப்பிடித்த ஆணிகள் சில நாள் ஊறிய வினாகிரியை அதில் துளித்துளியாகச் சேர்த்தால், தனின் எனப்படும் துவர்ப்புப் பொருள் இரும்புடன் இணைந்து கருஞ்சாம்பல் மையாக மாறும்.

2. தாள்: பழைய காகித உறைகளும் அட்டைகளும் பயிற்சிக்குப் போதுமாயினும், அவை நாளடைவில் மஞ்சளித்து நொறுங்குமாதலால், விற்பனைக்குரிய ஓவியத்தை அமிலமற்ற தாளில் வரைதல் நன்று.

3. நேரம்: பிரான்சில் உணவகப் பாத்திரம் கழுவுதல் உள்ளிட்ட கூலிவேலைகளைச் செய்தவாறே எழுதிய ஈழத்தமிழ் எழுத்தாளர் ஷோபாசக்தி, 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வென்ற 'தீபன்' படத்தின் நாயகனாக நடித்தார்; அவரைப் போலவே, கிடைத்த வேலையைத் தாழ்வாகக் கருதாது, நாள்தோறும் ஒரு மணிநேரமேனும் கலைக்கு ஒதுக்குதல் வேண்டும்.