அப்பாவின் ஸ்கேன் யாருக்கு ரகசியம்?

அன்புள்ள தங்கைக்கு,

ரெம்பாவிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உங்கள் அப்பாவுக்கு மாதக்கணக்காக இருமல் விடவில்லை. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுத்தீர்கள். நுரையீரலில் ஒரு புள்ளி தெரிகிறது என்றார்கள். அங்கேயே தொடர்ந்து பார்க்கப் பணத்துக்கு வழியில்லாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். அங்கே டாக்டர், “அந்த ஸ்கேன் படத்தைக் கொண்டு வாருங்கள்” என்றார். படம் எடுத்த இடத்தில் போய்க் கேட்டால், “நோயாளியின் தகவல் ரகசியம், டாக்டர் கேட்டால் டாக்டருக்குத்தான் கொடுப்போம்” என்று கவுண்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இதுவரைக்கும் எரிச்சலான சங்கதி, அவ்வளவுதான். அதற்கடுத்து நீங்கள் எழுதியிருப்பதைப் படித்துத்தான் மனம் கொதித்தது. அதே வாரத்தில், அங்கே வேலை பார்க்கும் யாரோ ஒருவர் கணினித் திரையைப் போட்டோ எடுத்து உங்கள் உறவினருக்கு அனுப்பியிருக்கிறார். அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து, அங்கிருந்து வெளியே போய், கோயிலில் ஒருவர் அப்பாவிடமே “புற்றுநோயாமே?” என்று கேட்டிருக்கிறார். எந்த டாக்டரும் அப்பாவிடம் அந்த வார்த்தையை அதுவரை சொன்னதில்லை.

ரகசியம் என்ற சொல்லைக் காட்டி, அந்த ரகசியத்துக்கு உரியவரையே வெளியே நிறுத்திவிட்டார்கள். ஊருக்கோ கதவு திறந்தே கிடந்தது. நோயாளிக்குப் படத்தைக் கொடுப்பதும் மற்றவர்களிடமிருந்து அதைக் காப்பதும் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள் என்று கவுண்டரில் பேசுகிறார்கள். இரண்டும் ஒரே கடமைதான். நோயாளிக்கு மறுப்பதால் எந்தப் பதிவேடும் பத்திரமாகிவிடுவதில்லை.

முதலில் டாக்டர் ஏன் படத்தையே கேட்டார் என்று பார்ப்போம். உங்களிடம் இரண்டு பக்க அறிக்கை இருக்கிறது, அது போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அறிக்கை என்பது படத்தைப் பார்த்த ஒரு டாக்டரின் கருத்து. நெஞ்சு சிடி என்பது ஒரே படமும் அல்ல. உடம்பைக் குறுக்கே மெல்லிய துண்டு துண்டாகப் பார்த்த நூற்றுக்கணக்கான படங்களின் அடுக்கு. நிபுணர் அதைத் திரையில் மேலும் கீழும் உருட்டி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, புள்ளியின் ஓரம் வழுவழுப்பாக இருக்கிறதா, முள் முள்ளாக இருக்கிறதா, உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்ப்பார். உறவினர் கைபேசியில் வந்த போட்டோவில் இதில் எதுவுமே தெரியாது.

அதைவிட முக்கியமானது பழைய படம். எலும்புருக்கி நோய் வந்து ஆறிய தழும்பு, தோட்டத்து முதியவர்களின் நுரையீரலில் அபூர்வமான ஒன்றல்ல. அந்தத் தழும்பும் புதிய கட்டியும் ஒரு தனிப் படத்தில் ஒன்றுபோலத் தோன்றலாம். அதே புள்ளி சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்திலும் அதே அளவில் இருந்தால் டாக்டருக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். திடமான ஒரு புள்ளி இரண்டு ஆண்டுகள் வளராமல் இருந்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை என்பதுதான் மருத்துவத்தில் நெடுநாள் வழக்கம். படம் கிடைக்காவிட்டால் மறுபடியும் ஸ்கேன் எடுக்க வேண்டும், மறுபடியும் வரிசையில் காத்திருக்க வேண்டும், மறுபடியும் கதிர்வீச்சு. சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயில் உடம்புக்குப் போவது சுமார் 0.1 மில்லிசீவர்ட், நெஞ்சு சிடியில் 6, 7 வரை போகும். அப்பாவின் வயதில் அது பெரிய ஆபத்து இல்லை. காத்திருக்கும் வாரங்கள்தான் ஆபத்து.

இனி சட்டம். “பதிவேடு ஆஸ்பத்திரியின் சொத்து” என்று அவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பொய்யல்ல. மலேசியத் தனியார் மருத்துவமனைகளுக்கான 2006ஆம் ஆண்டு விதிமுறைகள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் கோப்பு அவர்களுடையது என்பதற்காக, அதில் உள்ள செய்தி அப்பாவுக்கு எட்டாததாகிவிடாது. சுமார் பத்தாண்டுக்கு முன் நமது உயர் நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கில், தன் மருத்துவப் பதிவேட்டைப் பார்க்க நோயாளிக்கு உரிமை உண்டு என்றே தீர்ப்பு வந்தது. அது போக, 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. உடல்நலம் பற்றிய செய்தியை அது உணர்திறன் மிக்க தரவு என்று தனியாகப் பிரித்து, கூடுதல் காவல் கொடுக்கிறது. தன்னைப் பற்றி ஒரு தனியார் நிறுவனம் வைத்திருக்கும் தரவை எழுத்தில் கேட்டால், 21 நாளுக்குள் கொடுக்க வேண்டும். உணர்திறன் மிக்க தரவின் நகலுக்கு 30 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று கட்டண விதியும் இருக்கிறது. “டாக்டருக்குத்தான் கொடுப்போம்” என்பது சட்டம் அல்ல, அந்த ஆஸ்பத்திரியின் பழக்கம்.

இதே சட்டத்தை 2024இல் திருத்தினார்கள். 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். பெரிய பாதிப்பு வரும் என்றால் சம்பந்தப்பட்ட ஆளுக்கும் அடுத்த 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். சட்டத்தின் கொள்கைகளை மீறினால் விதிக்கும் உச்ச அபராதமும் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சத்துக்கு ஏறியது. திரையைப் போட்டோ எடுத்து அனுப்பிய விஷயத்தை நீங்கள் சும்மா விடக்கூடாது என்று சொல்வதற்கு இதுதான் காரணம். யார் அனுப்பினார் என்று குடும்பத்துக்குள் சண்டை போட்டுப் பயனில்லை. அந்தக் கணினியில் யார், எந்த நேரத்தில் அப்பாவின் பெயரைத் திறந்தார்கள் என்ற பதிவு ஒழுங்கான ஆஸ்பத்திரியில் இருக்கும். அதைப் பார்க்கச் சொல்லி எழுத்தில் புகார் கொடுங்கள்.

உண்மையில் பெரிய கசிவுகள் எங்கே நடந்தன என்று கொஞ்சம் பாருங்கள். 2019 செப்டம்பரில் கிரீன்போன் என்ற ஜெர்மன் நிறுவனம், ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் சுமார் 2,300 கணினிகளை இணையத்தில் தேடிப் பார்த்தது. அவற்றில் 590 கணினிகளுக்குப் பூட்டே இல்லை. 52 நாடுகளைச் சேர்ந்த 2 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிப் பதிவுகள் பெயரோடும் பிறந்த தேதியோடும் வெளியே கிடந்தன. மலேசியாவின் பங்கு ஏறக்குறைய 20,000. யாரும் ஊடுருவித் திருடவில்லை, கடவுச்சொல் போட யாரும் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் சிங்கப்பூரில் 2018இல் சிங்ஹெல்த் கணினிக்குள் புகுந்தவர்கள் 15 லட்சம் பேரின் விவரங்களை எடுத்துப் போனார்கள். பிரதமராக இருந்த லீ சியன் லூங்கின் மருந்து விவரமும் அதில் போனது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடக்கப்பட்டு, நோயாளிகளுக்குக் கையால் சீட்டெழுதும் நிலைக்கு வந்தார்கள். நம் நாட்டிலேயே, மைசெஜாத்ரா செயலியின் ‘சூப்பர் அட்மின்’ கணக்கு ஒன்றின் வழியாகத் தடுப்பூசி போட்ட 30 லட்சம் பேரின் விவரங்கள் பதிவிறக்கப்பட்டதைத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை 2023 பிப்ரவரியில் வெளியே கொண்டு வந்தது.

இவற்றில் ஒன்றாவது, தன் படத்தைத் தானே கேட்டு வாங்கிப் போன ஒரு நோயாளியால் நடந்ததா? இல்லை. கசிவுகள் வரும் வழி வேறு: பூட்டாத கணினி, எல்லாரும் பகிர்ந்துகொண்ட கடவுச்சொல், அளவுக்கு மீறிய அதிகாரம் கொண்ட கணக்கு, ஆர்வக் கோளாறில் அடுத்தவர் கோப்பைத் திறந்து பார்க்கும் ஊழியர். கவுண்டரில் உங்களைத் தடுத்து நிறுத்திய கண்டிப்பில் கொஞ்சம் உள்ளே இருந்திருந்தால் கோயிலில் அப்பா தலைகுனிய நேர்ந்திருக்காது.

ஒரு விஷயம் எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. நான் மேலே சொன்ன தரவுப் பாதுகாப்புச் சட்டம், கூட்டரசு அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் பொருந்தாது என்று அதன் 3ஆவது பிரிவே சொல்கிறது. அதாவது அரசாங்க ஆஸ்பத்திரிகளும் கிளினிக்குகளும் இதற்கு வெளியே. சிரம்பானின் துவாங்கு ஜஃபார் மருத்துவமனையிலும் ரெம்பாவ் சுகாதாரக் கிளினிக்கிலும் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? 1 ரிங்கிட்டுக்கும் 5 ரிங்கிட்டுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டியவர்கள். பணம் உள்ளவரின் ஸ்கேனுக்கு ஒரு சட்டம் காவல் இருக்கிறது. பணம் இல்லாதவரின் ஸ்கேனுக்கு அந்தச் சட்டம் இல்லை. அரசாங்க டாக்டர்களை மலேசிய மருத்துவ மன்றத்தின் நெறிமுறை கட்டுப்படுத்துகிறது, ஊழியர்களுக்கு ஒழுங்கு நடவடிக்கை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கசிந்தால் 72 மணி நேரத்தில் சொல் என்று அரசாங்கத்திடம் கேட்க நம் கையில் ஒரு பிரிவும் இல்லை. அரசாங்கக் கிளினிக்குகளைக் கணினிமயமாக்கும் திட்டம் முன்னோட்டமாக நடந்தது நம் நெகிரி செம்பிலானில்தான். ஒவ்வொரு மலேசியருக்கும் வாழ்நாள் சுகாதாரப் பதிவேடு என்ற பேச்சு 1997இல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற அரசாங்கத் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தின் காலத்திலேயே தொடங்கியது. அந்தப் பதிவேடு வரட்டும், வர வேண்டும். அதோடு இந்த 3ஆவது பிரிவும் மாற வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்காமல் விட்டால் அது நம் தவறு.

“நமக்கெல்லாம் கேட்டால் கொடுப்பார்களா” என்று அப்பா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் என்ற மருத்துவ உதவியாளர்தான் எல்லாம். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வயிற்றுப்போக்கு, யார் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று அவருடைய பெரிய புத்தகத்தில் ஏறும். அந்தப் புத்தகம் ஆபீசுக்குப் போகும். இன்றைக்கு யாருக்கு வேலை, யாருக்குப் பேர் இல்லை என்பதைக் கணக்கெழுதும் கிராணி அதைப் பார்த்துப் போடுவார். நோயாளிக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரி காட்டியதில்லை. காட்டினாலும் இங்கிலீஷில் இருக்கும். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோதும், மரத்தை வெட்டி வீடமைப்புக்குக் கொடுத்தபோதும் ஆபீஸ் காகிதங்களோடு அந்தப் புத்தகங்களும் போயின. ஒரு தலைமுறையின் சளியும் இருமலும் பிரசவமும் எழுதிய ஏடுகள், எழுதப்பட்டவர்கள் கையில் ஒரு பக்கம்கூட இல்லாமல் மறைந்தன. உடம்பு நம்முடையது, அதைப் பற்றிய எழுத்து துரையுடையது என்ற பழக்கத்தில் வளர்ந்தவர் அப்பா. அவரைக் குறை சொல்லாதீர்கள். கேட்க வேண்டியது நீங்கள்.

எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன். வாயால் கேட்காதீர்கள், கடிதம் கொடுங்கள், மலாயில். அப்பாவின் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், ஸ்கேன் எடுத்த தேதி, கேட்கும் பொருள். பொருளை எழுதும்போது அறிக்கை என்று மட்டும் எழுதினால் அறிக்கை மட்டும்தான் வரும். படங்களின் முழுத் தொகுப்பும் டைகாம் வடிவத்தில் சிடியிலோ பென்டிரைவிலோ வேண்டும் என்று எழுதுங்கள். ஸ்கேன் இயந்திரங்களுக்கும் ஆஸ்பத்திரிக் கணினிகளுக்கும் பொதுவான வடிவம் அதுதான். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதைத் திறந்து பழைய படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். அப்பா உயிரோடும் நினைவோடும் இருப்பதால் கையொப்பம் அவருடையதாக இருக்க வேண்டும். நீங்கள் வாங்கப் போவதானால் உங்களுக்கு அதிகாரம் கொடுத்து ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கைநாட்டு என்றால் பக்கத்தில் ஒரு சாட்சி. ஐசி நகல் கொடுக்கும்போது, இன்ன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் நகல் பெறுவதற்கு மட்டும் என்று அதன் குறுக்கே தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். கடிதத்தின் இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். 21 நாள் அந்த முத்திரையின் தேதியிலிருந்துதான் ஓடும். அதற்குப் பிறகும் மறுத்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் எழுதலாம்.

படம் கைக்கு வந்த பிறகு காவல் உங்களுடையது. ஸ்கேன் படத்தின் மூலையைப் பாருங்கள். பெயர், ஐசி எண், வயது, ஆஸ்பத்திரியின் பெயர், எடுத்த நேரம் எல்லாம் சின்ன வெள்ளை எழுத்தில் இருக்கும். நம் ஐசியின் 12 இலக்கத்தில் பிறந்த தேதி இருக்கிறது, பிறந்த மாநிலம் இருக்கிறது, ஆணா பெண்ணா என்பதும் இருக்கிறது. அந்த எண் ஒன்று போதும், ஏமாற்றுக்காரன் தொலைபேசியில் அப்பாவிடம் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவதாகக் கதை விட. மூலையைக் கறுப்படித்து மறைத்தாலும் டைகாம் கோப்புக்குள் அதே விவரங்கள் ஒளிந்திருக்கும். அதனால் அந்தக் கோப்பை எந்தக் குழுவிலும் போடாதீர்கள். இலவசமாகப் பார்த்துச் சொல்கிறோம் என்று வரும் இணையதளங்களில் ஏற்றாதீர்கள். வீட்டில் ஒரு பிரதி, டாக்டருக்கு ஒரு பிரதி போதும். மார்க்கர் பேனாவால் சிடியின் மேல் பெயரையும் நோயையும் எழுதி வைக்கும் பழக்கமும் வேண்டாம், தேதி மட்டும் எழுதுங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அப்பா தோட்டத்தில் இருந்தபோது எலும்புருக்கி நோய்க்கு மாத்திரை சாப்பிட்டதுண்டா? எக்ஸ்ரே வண்டி வந்து வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்களா? இந்த இரண்டையும் அம்மாவிடமும் பெரியப்பாவிடமும் விசாரித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதையும் சேர்த்து. பழைய படம் ஏதாவது பீரோ மேல், பாய்க்கடியில், பெரிய காக்கி உறையில் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள், மங்கியிருந்தாலும் பரவாயில்லை. படத்தின் நகலுக்குக் காத்திருந்து டாக்டர் கொடுத்த தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். கடிதம் கொடுத்த முத்திரையைக் காட்டினால், நேராக அந்த ஆஸ்பத்திரிக்கே எழுதிப் படத்தை வரவழைக்க அவராலும் முடியும்.

மலாய்க் கடிதத்தை எழுதி எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்.