சாரணியர் அணியில் நம் பெண் பிள்ளைகள்

பிளஸ் டூ முடித்த நம் பெண் பிள்ளைகள் பலர் இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் விடுதிகளில் தங்குகிறார்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதி ஒன்றில் கெட்டுப்போன உணவால் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தது நமக்கு நினைவிருக்கும். அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

அப்படியொரு நேரத்தில் பத்துப் பேர் சொல்வதைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி, அதிகாரி முன் பதறாமல் பேச ஒருத்தி வேண்டும். அந்தப் பழக்கம் வேலையில் சேர்ந்த அன்று வந்துவிடாது. பத்து, பன்னிரண்டு வயதிலேயே தொடங்க வேண்டும்.

அதற்குப் பள்ளியிலேயே ஓர் இடம் இருக்கிறது: சாரணியர் இயக்கம். 1909இல் லண்டனில் சாரணச் சிறுவர்கள் கூடியபோது, அழைக்காமலே சில சிறுமிகளும் வந்து நின்றார்கள். அடுத்த ஆண்டே பெண்களுக்கெனத் தனி இயக்கம் உருவானது. 1911இல் ஜபல்பூரில் இந்தியாவின் முதல் அணி தொடங்கியது. 1950இல் நாட்டின் சாரண அமைப்புகள் ஒன்றாக இணைந்ததில் அன்றைய கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாதுக்கும் பங்குண்டு.

இதன் சூட்சுமம் எளிது. ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் ஒரு குழு. அவர்களில் ஒருத்தி தலைவி. யார் கயிறு கொண்டுவருவது, யார் சமைப்பது, காய்ச்சலில் வராதவளின் வேலையை யார் பார்ப்பது, எல்லாம் அவள் பொறுப்பு. தவறினால் டீச்சர் திட்டுவதைவிடத் தோழிகளின் முகமே அவளுக்குப் பாடம். முதலுதவி, நோயாளியைக் கவனித்தல் போன்றவற்றுக்குத் தனித்தனிச் சின்னங்களும் உண்டு. (நம் பிள்ளைகள் பேட்ஜுக்காகவாவது கட்டுப்போடக் கற்றுக்கொள்வார்கள்!)

பெண்ணுக்கு எதற்குத் தலைமை என்று கேட்பவர்கள் ஹுதைபிய்யாவை நினைத்துப் பார்க்கட்டும். தோழர்கள் மனம் கலங்கி நின்ற வேளையில், உம்மு ஸலமா (ரலி) சொன்ன யோசனையை நபி (ஸல்) அவர்கள் ஏற்றுச் செயல்பட்டார்கள்.

முகாம் என்றதும் பெற்றோர் தயங்குவது நியாயமே. சாரணியர் அணியை நடத்துபவர் பெண் ஆசிரியர்தான். சீருடையாக சல்வார் கமீஸும் அணியலாம். எங்கே தங்குவார்கள், இரவில் யார் உடனிருப்பார்கள் என்று அவரிடமே நேரில் கேளுங்கள். பள்ளியில் அணி இல்லையென்றால், பயிற்சி பெற முன்வரும் ஓர் ஆசிரியை கிடைத்தாலே தொடங்கலாம். நான்கைந்து தாய்மார்கள் சேர்ந்து தலைமை ஆசிரியரைப் பார்த்துக் கேளுங்கள்.