பாக்கெட் சிந்தாத ஈதர்நெட்

கேள்வி: ஆர்.டி.எம்.ஏ. (சர்வர் நினைவகங்களுக்கிடையே நேரடித் தரவுப் பரிமாற்றம்) போக்குவரத்துக்காக டேட்டா சென்டர் ஸ்விட்ச்களில் பி.எஃப்.சி.யை இயக்கினோம். பாக்கெட் இழப்பு நின்றது. ஆனால் சில நேரம் நெட்வொர்க்கே உறைந்துவிடுகிறது. ஏன்?

பதில்: அனுப்புபவரை முன்னுரிமை வகுப்பு வாரியாக நிறுத்தச் சொல்லும் பி.எஃப்.சி., மதகை அடைப்பது போன்றது. கீழே அடைத்தால் தண்ணீர் மேல்மடை வரை தேங்கும். அந்தத் தேக்கம்தான் நீங்கள் காணும் உறைவு. 8 முன்னுரிமை வகுப்புகளில் ஆர்.டி.எம்.ஏ. ஓடும் ஒன்றில் மட்டும் பி.எஃப்.சி.யை இயக்குங்கள்; பலரும் 3-ஐ எடுப்பார்கள். வழியிலுள்ள எல்லா ஸ்விட்ச்களிலும் சர்வர் கார்டுகளிலும் அதே எண் இருக்கட்டும். இ.சி.என். (நெரிசலை பாக்கெட்டில் குறித்துச் சொல்லும் முறை) குறியிடும் வரம்பை பி.எஃப்.சி. வரம்புக்குக் கீழே வையுங்கள்; அனுப்பும் சர்வர் முன்னதாகவே வேகத்தைக் குறைக்கும். நிறுத்தச் சொன்ன பிறகும் கேபிளில் வந்துகொண்டிருக்கும் பாக்கெட்டுகளுக்கு இடம் வேண்டும். கேபிள் நீண்டால் பஃபரையும் கூட்டுங்கள். நீண்டு நிற்கும் அடைப்பைக் கண்டறிந்து விடுவிக்கும் பி.எஃப்.சி. வாட்ச்டாக் அவசியம். அடைப்பு கடைசிக் காவல்தான்; வேகத்தைத் தணிப்பதே முதல் வேலை.