நீர்மத்தில் ஒரு மூச்சு

நுழையும்முன்

மீன் நீரில் மூச்சுவிடுகிறது. மனிதன் காற்றில் மூச்சுவிடுகிறான். பழுதுற்ற நுரையீரலை நீர்மத்தால் நிரப்பி உயிரைக் காக்க இயலுமா என மருத்துவ அறிவியல் வினவியது. அவ்வினா கடந்துவந்த பாதையை இப்பாடம் விளக்குகிறது.

காரைக்காலை அடுத்த போலகத்திற்குக் கிழக்கே வங்கக்கடல் விரிந்து கிடக்கிறது. கரைசேரும் படகுகளில் மீன்கள் துடித்து அடங்குவதை அப்பகுதி மக்கள் நாளும் காண்கின்றனர். கடல்நீரில் உள்ளதைவிடக் காற்றில் ஆக்சிஜன் பன்மடங்கு மிகுதி. ஆயினும், மீன் மூச்சுத்திணறி இறக்கிறது. நீரில் விரிந்து மிதக்கும் செவுள் இழைகள், நீரை விட்டு நீங்கியதும் நனைந்த தூரிகையின் மயிர்களைப்போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே அதற்குக் காரணம். ஆக்சிஜனை ஏற்கும் பரப்பு சுருங்கிவிடுகிறது.

மூடிக்கொள்ளும் நுண்ணறைகள்

மனித நுரையீரலுக்கும் இத்தகைய இடர் நேர்வதுண்டு. அதிலுள்ள கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளின் உட்சுவரில் மெல்லிய நீர்ப்படலம் உள்ளது. அதன் பரப்பு இழுவிசை நுண்ணறைகளை மூட முயல்கிறது. அவ்விசையைத் தணிக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் பொருளை நுரையீரலே சுரக்கிறது. குறைமாதக் குழந்தைகளிடம் இச்சுரப்பு போதிய அளவில் இருப்பதில்லை. கடுந்தொற்றால் நுரையீரல் பழுதுற்றோரிடம் அது செயலிழக்கிறது. மூடிய நுண்ணறைகளை வென்டிலேட்டர் கருவி காற்றழுத்தத்தால் திறக்க முயல்கிறது. அவ்வழுத்தமே நலிந்த திசுக்களை மேலும் புண்படுத்துவதும் உண்டு.

நுண்ணறையில் காற்றுக்கு மாற்றாக நீர்மம் நிறைந்தால், காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு மறைந்து இழுவிசை தளரும். இதுவே நீர்மச் சுவாசத்தின் அடிப்படை.

எலிகள் காட்டிய வழி

1962இல் யோகன்னஸ் கில்ஸ்ட்ரா, உயர் அழுத்தத்தில் ஆக்சிஜன் கரைக்கப்பட்ட உப்புக்கரைசலில் எலிகளை மூழ்கச் செய்தார். அவை சிறிது காலம் உயிர்வாழ்ந்தன. 1966இல் லேலண்ட் கிளார்க், பிராங்க் கொல்லான் ஆகியோர் பெர்ஃபுளூரோகார்பன் நீர்மத்தைப் பயன்படுத்தினர். இயல்பான வளிமண்டல அழுத்தத்திலேயே எலிகள் அதனுள் சுவாசித்தன. இவ்வகை நீர்மங்களுள் ஒன்றான பெர்ஃபுளுப்ரான், 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ளும். அதே அளவு நீர் ஏற்பதோ சுமார் 3 மில்லிலிட்டர் மட்டுமே.

நம்பிக்கையும் சோதனையும்

1989இல் பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழக மருத்துவர்கள், வேறு வழியின்றி இறக்கும் நிலையிலிருந்த குறைமாதக் குழந்தைகளுக்கு இம்முறையை முதன்முதலாகக் கையாண்டனர். நுரையீரலின் இயக்கம் மேம்பட்டது. எனினும், அக்குழந்தைகள் பிழைக்கவில்லை. பின்னர், நுரையீரலில் ஓரளவு நீர்மத்தை நிரப்பி, வழக்கமான வென்டிலேட்டரால் காற்றையும் செலுத்தும் பகுதி நீர்மச் சுவாசம் உருவாயிற்று. 1996இல் வெளியான ஆய்வில், குறைமாதக் குழந்தைகள் பலருக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் உயர்ந்தமை கண்டு நம்பிக்கை வளர்ந்தது.

ஆயினும், ஆக்சிஜன் அளவு உயர்வதும் உயிர் பிழைப்பதும் ஒன்றல்ல. நுரையீரல் கடுமையாகப் பழுதுற்ற 311 பெரியவர்களைக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2006இல் வெளியாயிற்று. நீர்மம் பெற்றோர் கூடுதலாகப் பிழைக்கவில்லை. நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிதல், இரத்த அழுத்தம் வீழ்தல் போன்ற தீங்குகளே அவர்களிடம் மிகுந்தன. ஆய்வாளர்கள் அம்முடிவை மறைக்கவில்லை. இம்முறையைப் பரிந்துரைக்கவும் இல்லை. அந்நேர்மை, பின்வந்த நோயாளிகள் பலரைத் தீங்கினின்று காத்தது.

எளிய வழியின் வெற்றி

மூடிய நுண்ணறைகளைத் திறக்கும் முயற்சி அத்துடன் நின்றுவிடவில்லை. மல்லாந்து படுத்திருப்பவரின் முதுகுப்புற நுண்ணறைகளே பெரிதும் மூடிக்கொள்கின்றன. கடும்பாதிப்புற்றோரை நாள்தோறும் நெடுநேரம் குப்புறப் படுக்கவைத்தபோது இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. கொரோனாக் காலத்தில் நம் நாட்டு மருத்துவமனைகள் கைக்கொண்டதும் இம்முறையே. அரிய நீர்மம் வெல்லாத இடத்தில் எளிய படுக்கைநிலை வென்றது. எண்ணம் எத்துணை அழகியதாயினும், அதன் பயனைச் சோதனையே உறுதிசெய்ய வேண்டும்.

தெரியுமா?

பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்திற்கு 2020இல் சென்னையில் பொருத்தப்பட்ட எக்மோ கருவி, இரத்தத்தை உடலுக்கு வெளியே கொணர்ந்து ஆக்சிஜன் ஏற்றி மீண்டும் உடலுக்குள் செலுத்துவதாகும்.

கற்பவை கற்றபின்

1. கரையேறிய மீனின் செவுளையும் குறைமாதக் குழந்தையின் நுரையீரலையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
2. 'எதிர்பார்ப்பிற்கு மாறான முடிவை வெளியிடுவதும் அறிவியல் தொண்டே' – வகுப்பறையில் கலந்துரையாடுக.