தொலைநுழைவு: வந்தபடியே விடலாமா?

தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையையே ஓட்டை என்று பழிப்பது சரியல்ல. அதன் குறியாக்கம் வலுவானது. ஆபத்து, வந்தபடியே விட்டுவிடும் அமைப்புகளில் இருக்கிறது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது பெரிய வித்தையால் அல்ல: டெல்நெட் என்ற இன்னொரு தொலைநுழைவுச் சேவை வழியே, தயாரிப்பாளர்கள் வைத்திருந்த சுமார் 60 பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். ராஸ்பெரி பை என்ற சிறு கணினிகளும் 'பை' என்ற பொதுப் பயனர்பெயரை 2022-இல்தான் கைவிட்டன.

எஸ்எஸ்ஹெச் சேவையைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருள் 2015-லேயே, முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனர் கடவுச்சொல்லால் நுழைவதைத் தடுத்துவிட்டதே எனலாம். உண்மைதான், ஆனால் மற்றப் பயனர்களுக்கு அந்த வழி இயல்பாகவே திறந்திருக்கிறது. எஸ்எஸ்ஹெச் வழக்கமாகப் பயன்படுத்தும் போர்ட் 22-ஐ மாற்றுவது அரைகுறை வைத்தியம்: தானியங்கித் தட்டல்கள் குறையும், தேடி வருபவர் கண்டுபிடித்துவிடுவார். என் கணினியில் திருட என்ன இருக்கிறது என்பீர்களா? மிராய்க்கு வேண்டியிருந்தது கோப்புகள் அல்ல, உங்கள் இணைய இணைப்பு. எனவே கடவுச்சொல்லுக்குப் பதிலாக நுழைய உதவும் சாவிக்கோப்பை உருவாக்கி, அதைக் கொண்டு நுழைய முடிகிறதா என்று இன்னொரு சாளரத்தில் சோதியுங்கள் (இதை மறந்தால் நீங்களே வெளியே நிற்பீர்கள்). பிறகு கடவுச்சொல் நுழைவை அணையுங்கள். சேவையே தேவையில்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.