அலைக்குள் வீசும் வெள்ளீய மீன்

கேள்வி: பெரிய கடல் மீனைப் பிடிக்க, இரைக்குப் பதிலாக உலோகத்தில் செய்த மீனைத் தூண்டிலில் கட்டி வீசுகிறார்களே, அது மூழ்கிவிடாதா? எங்கே தொடங்கிய பழக்கம் இது? வீட்டில் செய்ய முடியுமா?

பதில்: மூழ்கத்தான் வேண்டும். பெரிய மீன்கள் பல நேரம் இரை கீழே இறங்கும்போதுதான் பாய்ந்து கவ்வும்.

இந்தப் பழக்கம் தனி ஒருவரின் கண்டுபிடிப்பு அல்ல. நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன் பிடித்தவர்கள், ஈயத்தைச் சின்ன மீன் போல வார்த்து, இரண்டு தூண்டில் முள் வைத்து, அடிக்கடலுக்கு இறக்கிச் சுண்டிச் சுண்டி இழுத்தார்கள். கரையில் நின்று வீசும் வித்தை வளர்ந்தது அமெரிக்காவின் கிழக்குக் கரையில். நியூஜெர்சியிலும் லாங் ஐலண்டிலும் ஸ்ட்ரைப்டு பாஸ், புளூஃபிஷ் மீன்களைத் தேடிப் போனவர்களிடம் அன்று கம்பும் இல்லை, ரீலும் இல்லை. கயிற்றின் நுனியில் கட்டிய உலோக மீனைத் தலைக்கு மேல் சுழற்றி அலைக்கு அப்பால் எறிவார்கள். பிறகு விறுவிறுவென்று கையாலேயே இழுப்பார்கள். 'டின் ஸ்குவிட்' என்ற அந்தப் பொய்யிரையைச் செய்யப் பலரும் விரும்பிய உலோகம் வெள்ளீயம்.

ஈயம் மலிவாயிற்றே, அது போதாதா? போதாது. ஈயம் தண்ணீரைவிடப் பதினோரு மடங்குக்கும் மேல் கனம். வெள்ளீயம் ஏழு மடங்குக்குச் சற்று மேல். ஆழம் குறைந்த கரையோரத்தில் ஈயம் சட்டென்று மணலில் போய் உட்கார்ந்துவிடும். வெள்ளீயத்தை நிதானமாக இழுத்து வரலாம். ஈயம் சீக்கிரம் கறுத்தும் போகும்; வெள்ளீயம் மங்கினால் ஈர மணலில் நாலு தேய்ப்பு, பளபளப்பு திரும்பிவிடும். மூன்றாவது வசதிதான் அருமை: கையாலேயே வளைக்கலாம். வளைக்கும்போது உள்ளேயிருந்து 'கறகற' என்று சத்தம் வரும், உலோகத்தின் படிகங்கள் இடம் மாறும் சத்தம் அது. வளைவு கொஞ்சம் மாறினால் நீந்தும் நெளிவும் மாறும். கடையில் வாங்கும் முலாம் பூசிய எஃகுத் தகட்டில் இந்தச் சலுகை கிடையாது.

வீட்டில் செய்யலாம். நம் ஊர் ரச ஈயச் சொம்பும் இதே வெள்ளீயம்தான். வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகி உட்கார்ந்துவிடுமே, அந்தக் குணம்தான் இங்கே உதவி. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், ஈயத்துக்கு 327 வேண்டும். மரத்தில் ஒரு மீன் செதுக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இரண்டு பாதியாக அச்சு எடுக்க வேண்டும். முள்ளையும் கயிறு கட்டும் கம்பி வளையத்தையும் முதலிலேயே உள்ளே பொருத்திவிட்டு ஊற்றினால், குளிர்ந்ததும் அவை உலோகத்தோடு இறுகிவிடும். வயிற்றுப் பக்கம் கனம் கூடுதலாக இருக்கும்படி செதுக்கினால் மீன் புரளாமல் வரும். அச்சு சில்லென்று இருந்தால் மீனின் மேற்பரப்பில் சுருக்கம் விழும். அதனால் அச்சைச் சூடாக்கிக்கொண்டுதான் ஊற்றுவார்கள்.

பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. அச்சில் ஒரு துளி தண்ணீர் இருந்தாலும் நொடியில் ஆவியாகி, உருகிய உலோகத்தை முகத்தில் தெறிக்க வைக்கும். நாள்கணக்கில் காயவைத்த அச்சு, பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை மூன்றும் இல்லாமல் இறங்கக் கூடாது. கனம் வேண்டுமென்று ஈயம் உருக்குபவர்கள் திறந்தவெளியில் உருக்க வேண்டும். அந்தப் பாத்திரம் மறுபடி சமையலறைக்குள் வரவே கூடாது.